வர்த்தமானியிலிருந்து குழுநிலை வரை: ஒரு சட்டமூலம் எங்கே மாறுகிறது, எங்கே மறிக்கலாம்?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி எமது மக்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. தடுப்புக்காவல், பொலிஸ் அதிகாரி முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், வருடக்கணக்கில் இழுபடும் வழக்குகள் என அதன் ஒவ்வொரு பிரிவையும் அனுபவத்தால் அறிந்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் உள்ளன. ஆனால், அந்தச் சட்டம் எப்படிச் சட்டமானது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1979 ஜூலையில் அது ‘அவசர சட்டமூலம்’ என்ற பெயரில் கொண்டுவரப்பட்டது. அப்போதைய அரசியலமைப்பின் 122 ஆவது உறுப்புரையின்படி, தேசிய நலன் கருதி அவசரமானது என்று அமைச்சரவை ஒரு சட்டமூலத்தில் குறித்துவிட்டால் அதை முன்கூட்டியே வர்த்தமானியில் வெளியிடத் தேவையில்லை. பிரஜை ஒருவர் மனுவோடு நீதிமன்றம் போகவும் முடியாது. ஜனாதிபதி நேரடியாகப் பிரதம நீதியரசருக்கு அனுப்புவார். நீதிமன்றம் 24 மணித்தியாலத்துக்குள், அதிகம் போனால் மூன்று நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேற்றுவதாக அரசாங்கம் முன்கூட்டியே கூறிவிட்டதால், சர்வசன வாக்கெடுப்பு தேவையா என்ற ஒரேயொரு கேள்வியே நீதிமன்றத்தின் முன் இருந்தது. தேவையில்லை என்று பதில் வந்தது. ஜூலை 20 ஆம் திகதி சபாநாயகரின் சான்றுரையுடன் அது 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. மூன்று வருடங்களுக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட ‘தற்காலிக ஏற்பாடுகள்’ 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டன.

அதாவது, அந்தச் சட்டம் யாரைப் பாதிக்கப்போகிறதோ அவர்கள் அதன் வாசகங்களைக் கையில் எடுத்துப் படிப்பதற்கு முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சட்டமூலம் சமர்ப்பிக்கப்படும் முறை, அது எந்தக் குழுவுக்குப் போகிறது, எத்தனை நாட்கள் மேசையில் கிடக்கிறது என்பதெல்லாம் சட்டத்தரணிகளுக்கும் எம்.பி.மாருக்கும் மட்டும் உரிய சங்கதி அல்ல என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

வர்த்தமானி என்ற முதல் வாசல்

அரசாங்கம் கொண்டுவரும் சட்டமூலம் ஒன்று அமைச்சில் தொடங்கி, அமைச்சரவையின் அனுமதியோடு சட்டவரைஞர் திணைக்களத்துக்குப் போய், அரசியலமைப்புக்கு முரண் உண்டா என்று சட்டமா அதிபரால் பார்க்கப்பட்டு, மீண்டும் அமைச்சரவைக்கு வருகிறது. இவ்வளவும் மூடிய கதவுக்குள் நடப்பவை. பொதுமக்கள் கண்ணில் அது முதன்முதலாகப் படுவது வர்த்தமானியில்தான். அரசியலமைப்பின் 78 ஆவது உறுப்புரையின்படி, நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுவதற்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு முன்னரே ஒவ்வொரு சட்டமூலமும் வர்த்தமானியில் வெளியாக வேண்டும்.

எத்தனை நாட்கள்? 1978 இல் ஏழு. 2015 இல் 19 ஆவது திருத்தம் அதை 14 ஆக்கியது. அவசர சட்டமூலம் என்ற ஏற்பாட்டையும் எடுத்துவிட்டது. 2020 இல் 20 ஆவது திருத்தம் மீண்டும் ஏழாக்கியது; அவசர சட்டமூலத்தையும் தேசிய பாதுகாப்பு, அனர்த்த முகாமைத்துவம் என்ற வரம்புடன் திரும்பக் கொண்டுவந்தது. ஐந்து வருடங்களில் இரண்டு தடவை இழுபறிப்பட்ட இந்த இலக்கம், ஆட்சியாளர்கள் அதன் பெறுமதியை நன்றாக அறிந்தவர்கள் என்பதையே காட்டுகிறது.

இங்கே ஒரு சின்ன விடயத்தைக் கவனிக்க வேண்டும். சட்டமூலங்கள் வர்த்தமானியின் பகுதி II இன் குறைநிரப்பியாக அச்சிடப்படுகின்றன. மேலே இருக்கும் வர்த்தமானித் திகதி ஒன்று. கீழே ‘வெளியிடப்பட்டது’ என்று போடப்பட்டிருக்கும் திகதி வேறொன்று. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பர் 15 ஆம் திகதிய வர்த்தமானிக்கு உரியது. வெளியிடப்பட்டது செப்டெம்பர் 18 இல். நாட்களை எண்ணுபவர்கள் எண்ண வேண்டியது இரண்டாவது திகதியிலிருந்தே. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் இவற்றை எடுக்கலாம். நாடாளுமன்ற இணையத்தளத்திலும் பிறகு ஏற்றப்படும்.

மூன்று மொழிகளில் என்றாலும், மூன்றும் சமம் அல்ல. எந்தச் சட்டமூலத்தை எடுத்தாலும் கடைசி வாசகத்தைப் பாருங்கள்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்படுமாயின் சிங்கள உரையே மேலோங்கி நிற்க வேண்டும் என்று இருக்கும். சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 23 ஆவது உறுப்புரை. எது மேலோங்கும் என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கலாம் என்றும் விட்டிருக்கிறது. நாடாளுமன்றம் வழமையாக எதைத் தீர்மானிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே, காணி, தொல்பொருள், பாதுகாப்பு போன்ற விடயங்களில் தமிழ்ப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருவது ஆபத்து. சிங்களப் பிரதியைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடிக்கொள்வது நல்லது.

மாகாண சபைகளிடம் கேட்க வேண்டியவை

வர்த்தமானிக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவே, சில சட்டமூலங்கள் இன்னொரு இடத்துக்கும் போய்வர வேண்டும். 13 ஆவது திருத்தத்தால் வந்த 154எ(3) உறுப்புரையின்படி, மாகாண சபை நிரலில் உள்ள விடயம் ஒன்றைப் பற்றிய சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் வருவதற்கு முன்னர், ஜனாதிபதி அதை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாச் சபைகளும் சம்மதித்தால் சாதாரண பெரும்பான்மை போதும். ஒரு சபையாவது சம்மதிக்காவிட்டால், நாடு முழுவதற்குமான சட்டமாக்க மூன்றில் இரண்டு வேண்டும்.

இந்த ஏற்பாடு வெறும் எழுத்து அல்ல என்பதைக் காட்டியது 2012 இல் வந்த ‘வாழ்வின் எழுச்சி’ என்ற திவிநெகும சட்டமூலம். மாகாண சபைகளின் கருத்தைக் கேட்காமல் அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. அப்போது மற்றைய எட்டு மாகாணங்களிலும் சபைகள் இருந்தன, வடக்கில் இல்லை. வடக்கின் ஆளுநர் சபைக்குப் பதிலாகத் தானே சம்மதம் தெரிவித்தார். அதை எதிர்த்து மாவை சேனாதிராஜா நீதிமன்றம் சென்றார். தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத இடத்தில் ஆளுநரின் கருத்தைச் சபையின் கருத்தாகக் கொள்ள முடியாது, எனவே மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று தீர்மானம் வந்தது. அந்தத் தீர்மானத்தை வழங்கிய அமர்வில் இருந்த பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் குற்றப்பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார். திவிநெகும அதற்குச் சில நாட்களுக்கு முன், ஜனவரி 8 ஆம் திகதி மூன்றில் இரண்டுடன் நிறைவேறியிருந்தது.

இல்லாத ஒரு சபையின் பெயரால்கூட ஒரு சட்டமூலத்தின் பாதையைக் கடினமாக்க முடிந்தது. இன்று ஒன்பது மாகாணங்களிலும் சபைகள் இல்லை. அது எப்படி வந்தது என்பதும் ஒரு சட்டமூலத்தின் கதைதான். குழுநிலை பற்றிப் பேசும்போது அதற்கு வருவோம்.

முதலாம் மதிப்பீடும் 14 நாட்களும்

ஹன்சாட்டில் ‘முதலாம் மதிப்பீடு’ என்று வருவதைப் பத்திரிகைகள் ‘முதலாவது வாசிப்பு’ என்று எழுதுகின்றன. இரண்டும் ஒன்றே. அமைச்சர் அல்லது அவர் சார்பில் ஒருவர் எழுந்து சட்டமூலத்தின் பெயரைச் சொல்லிச் சமர்ப்பிப்பார். விவாதம் கிடையாது, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். செய்திகளில் ஒரு வரியாக வந்து போய்விடும். ஆனால், அந்த நிமிடத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள், எந்தவொரு பிரஜையும் 121 ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்து, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று வாதாடலாம். முன்னர் இதற்கு ஒரு வாரம் மட்டுமே இருந்தது. 2021 இல் கொழும்புத் துறைமுக நகரச் சட்டமூலம் ஏப்ரல் 8 ஆம் திகதி, புத்தாண்டு விடுமுறைக்குச் சற்று முன்னர் சமர்ப்பிக்கப்பட்டதை நினைவிருக்கலாம். வார இறுதியும் புத்தாண்டும் போக, மனுவைத் தயாரிப்பதற்கு மிஞ்சிய வேலைநாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. திகதி தற்செயலானது என்று நம்புபவர்கள் நம்பட்டும்.

மனுவின் பிரதியொன்று அதே நேரத்தில் சபாநாயகரிடமும் ஒப்படைக்கப்பட வேண்டும். இதைத் தவறவிட்டால் மனுவே அடிபட்டுப்போகலாம். மனுத் தாக்கலானதும் நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டமூலத்தின் நடவடிக்கைகள் நிற்கும். நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் தன் தீர்மானத்தை ஜனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் அறிவிக்கும். சபாநாயகர் அதைச் சபையில் வாசிப்பார். முழுமையாக ஹன்சாட்டில் அச்சாகும். மனுத் தாக்கல் செய்ய வேண்டியவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்துவிட்ட எமது உறவுகளால் இதைச் செய்ய முடியாது. உள்ளூரில் ஒருவரே முன்வர வேண்டும்.

இந்த 14 நாட்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இலங்கையில் ஒரு சட்டமூலம் சட்டமாகிவிட்ட பிறகு, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று எந்த நீதிமன்றத்திலும் கேள்வி எழுப்ப முடியாது. 80(3) ஆவது உறுப்புரை அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இந்தியாவில் ஒரு சட்டம் நிறைவேறி முப்பது வருடங்களுக்குப் பிறகும் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லுபடியற்றது எனலாம். இங்கே அது முடியாது. சட்டம் தன்மேல் பாயும்போதுதான் பாதிக்கப்பட்டவர் அதைப் படிக்கிறார். அப்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

நீதிமன்றத் தீர்மானம் பெரும்பாலும் மூன்று வகையாக அமையும். முரண் இல்லை, சாதாரண பெரும்பான்மை போதும் என்பது ஒன்று. முரண் உண்டு, மூன்றில் இரண்டு வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றில் இரண்டோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்பது மூன்றாவது. நடைமுறையில் இவற்றோடு நாலாவதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது: ‘இந்த இந்த வாசகங்களை இப்படி இப்படித் திருத்தினால் சாதாரண பெரும்பான்மை போதும்’ என்பது. விசாரணையின்போதே சட்டமா அதிபர் ஒரு பட்டியலை நீட்டி, இத்திருத்தங்களைக் குழுநிலையில் செய்வோம் என்று உறுதி கூறுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த உறுதிமொழிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

எந்தக் குழுவுக்குப் போகிறது?

முதலாம் மதிப்பீட்டுக்குப் பிறகு சட்டமூலம் துறைசார் மேற்பார்வைக் குழு ஒன்றுக்கு ஆற்றுப்படுத்தப்படும். 2015 இல் தெரிவான நாடாளுமன்றத்தில் தொடங்கி, 2018 இல் வந்த புதிய நிலையியற் கட்டளைகளில் உறுதிசெய்யப்பட்ட ஏற்பாடு இது. வரி, வருமானம் சம்பந்தப்பட்டவை அரசாங்க நிதி பற்றிய குழுவுக்குப் போகும். தனிப்பட்ட உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் சட்டமூலமாயின், அதற்குப் பொறுப்பான அமைச்சரின் அறிக்கையும் வர வேண்டும். அங்கேயே பல ஆண்டுக்கணக்கில் தூங்கிவிடுகின்றன.

துறைசார் மேற்பார்வைக் குழுவை அமைச்சுசார் ஆலோசனைக் குழுவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னையதற்குத் தலைவர் அந்த அமைச்சரே. தன் அமைச்சின் சட்டமூலத்தைத் தானே தலைமை தாங்கி ஆராய்ந்து ‘அனுமதி’ வழங்குவது எப்படியிருக்கும் என்று கற்பனை செய்யக் கடினமில்லை. துறைசார் குழுவில் அமைச்சர் தலைவர் அல்ல. அதிகாரிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம், வெளியாரின் கருத்தையும் கேட்கலாம். ஆனால், அழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லாம் தலைவரையும் காலத்தையும் பொறுத்தது.

நல்லவிதமாக நடந்ததற்கும் உதாரணம் உண்டு. 2018 ஒக்டோபரில் சமர்ப்பிக்கப்பட்ட பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் சர்வதேச உறவுகள் பற்றிய துறைசார் மேற்பார்வைக் குழுவுக்குப் போனது. அந்தக் குழு அவசரப்படவில்லை; சிவில் சமூகத்தவர்களையும் அழைத்துக் கேட்டது. குழு ஆராய்ந்துகொண்டிருந்த 2019 இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்தது. அரசியல் காற்று மாறியது. 2020 ஜனவரியில் புதிய அரசாங்கம் சட்டமூலத்தையே மீளப்பெற்றுக்கொண்டது. பழைய சட்டம் அப்படியே இருந்தது. குழுவில் காலம் எடுப்பது சில வேளை நன்மை. சில வேளை, வரவேண்டிய மாற்றத்தையும் சேர்த்து அது கொன்றுவிடும்.

மறுபக்கம் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம். 2024 ஜனவரியில் துறைசார் குழு அதற்கு அனுமதி வழங்கிச் சில நாட்களுக்குள்ளேயே விவாதத்துக்கு வந்துவிட்டது. எந்தத் திகதியில் எது விவாதத்துக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பது சபாநாயகர் தலைமையிலான பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு. கட்சித் தலைவர்கள் அமரும் அந்த மேசையில் தமிழ்க் கட்சிகளுக்கும் இடம் உண்டு. ஒரு சட்டமூலம் அடுத்த வாரம் வரப்போகிறது என்பது முதலில் தெரியவரும் இடங்களில் அதுவும் ஒன்று. எமது எம்.பி.மாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது உரை நிகழ்த்தினீர்களா என்பதல்ல. திகதி குறித்தபோது என்ன சொன்னீர்கள், மக்களுக்கு எப்போது அறிவித்தீர்கள் என்பதே.

குழுநிலை: கதவைச் சாத்தியபின் நடப்பது

இரண்டாம் மதிப்பீட்டில்தான் விவாதம் நடக்கிறது. தொலைக்காட்சியில் நாம் காணும் சத்தமெல்லாம் அங்கேதான். ஆனால், அங்கே வாக்களிக்கப்படுவது சட்டமூலத்தின் கோட்பாடு மட்டும். அது நிறைவேறியதும் சபை முழுவதும் ஒரு குழுவாக மாறும். இதுவே முழுப் பாராளுமன்றக் குழு, பேச்சுவழக்கில் குழுநிலை. அப்போதுதான் வாசகம் வாசகமாக எடுத்து, திருத்தங்களைச் சேர்த்து, நீக்கி, வாக்கெடுப்பார்கள். சட்டமாகும்வரை ‘வாசகம்’, சட்டமானபின் அதுவே ‘பிரிவு’. பெரும்பாலும் விவாதம் முடிந்த அதே மாலையில், உறுப்பினர்கள் களைத்துப்போயிருக்கும் நேரத்தில், பக்கக்கணக்கான திருத்தங்கள் வேகமாக வாசித்துத் தள்ளப்படும். அத்திருத்தங்கள் வர்த்தமானியில் வந்திருக்காது. உயர் நீதிமன்றமும் பார்த்திருக்காது. திருத்தம் சட்டமூலத்தின் அடிப்படையை விட்டு விலகக் கூடாது என்று நிலையியற் கட்டளைகள் சொல்கின்றன. சொல்வதோடு சரி.

2017 செப்டெம்பர் 20 ஆம் திகதி நடந்ததை எடுத்துக்கொள்வோம். கிழக்கு உட்பட மூன்று மாகாண சபைகளின் பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. எல்லா மாகாண சபைத் தேர்தல்களையும் ஒரே நாளில் நடத்த அரசாங்கம் கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலத்துக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த வழி அடைபட்டதும், ஏற்கனவே ஒழுங்குப் பத்திரத்தில் இருந்த வேறொரு சட்டமூலத்தை எடுத்தார்கள். அது மாகாண சபைத் தேர்தல்கள் (திருத்தச்) சட்டமூலம். வேட்புமனுவில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்குவதற்காகக் கொண்டுவரப்பட்டது. யார் எதிர்ப்பார்கள்?

அந்தச் சின்னஞ்சிறு சட்டமூலத்துக்குள், குழுநிலையில், முற்றிலும் புதிய தேர்தல் முறையொன்று திணிக்கப்பட்டது. விகிதாசார முறை போய் கலப்பு முறை வந்தது. புதிய தொகுதிகளை எல்லை நிர்ணயம் செய்யாமல் தேர்தல் நடத்த முடியாது என்ற நிலை உருவாயிற்று. தொகுதிக்கும் விகிதாசாரத்துக்கும் இடையிலான பங்கு அன்றே, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பேரம் பேசி 50க்கு 50 ஆக்கப்பட்டது. ஆதரவாக 159 வாக்குகள், எதிராக 37. ஆதரித்து வாக்களித்தவர்களில் தமிழ், முஸ்லிம் கட்சிகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. அது 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டமாயிற்று.

பத்து நாட்களில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. எல்லை நிர்ணய அறிக்கை 2018 இல் வந்தது; ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஒருவரும் ஆதரிக்காமல் 139 வாக்குகளால் நிராகரிக்கப்பட்டது. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு அறிக்கை தரவில்லை. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலமும் முடிந்தது. 2017 இன் அந்த மாலைக்குப் பிறகு எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடைபெறவில்லை. திவிநெகும காலத்தில் சட்டமூலத்தை மறித்த அந்த மாகாண வாசலை அடைத்தது ஆயுதமோ அவசரகாலமோ அல்ல. யாரும் முன்கூட்டிப் படித்திராத சில பக்கங்கள்.

சட்டமா அதிபரின் உறுதிமொழி பற்றி மேலே சொன்னோம். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு எதிராகப் பெருந்தொகை மனுக்கள் தாக்கலாகின. முப்பதுக்கும் மேற்பட்ட வாசகங்களைத் திருத்தினாலே சாதாரண பெரும்பான்மை போதும் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அறிவித்தது. 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது. மூன்றில் இரண்டுக்கு 150 வேண்டும். 108 போதுமாவது நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே. எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினர் சுட்டிக்காட்டினர். மனித உரிமைகள் ஆணைக்குழுவும் சபாநாயகருக்கு எழுதியது. ஆனால், பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகர் சான்றுரையைப் பதித்துவிட்டார். எம்.ஏ. சுமந்திரன் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மீறல் மனுவை விசாரணைக்கு எடுக்க உயர் நீதிமன்றம் மறுத்தது. சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது. மேலே சொன்ன 80(3) இன் பலம் இதுதான்.

ஜனாதிபதி கையெழுத்திட்டால்தான் சட்டமாகும் என்று எம்மில் பலர் நினைக்கிறோம். இந்த நாட்டில் வழமையான சட்டமூலத்தைச் சட்டமாக்குவது சபாநாயகரின் சான்றுரை. சர்வசன வாக்கெடுப்பில் அங்கீகரிக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே ஜனாதிபதியின் சான்றுரை. எனவே, மூன்றாம் மதிப்பீடு முடிந்த பிறகு ‘ஜனாதிபதியே கையெழுத்திடாதீர்’ என்று மகஜர் அனுப்புவதில் பயன் இல்லை.

காத்திருக்கும் சட்டமூலங்கள்

வேகத்தைப் பற்றியே பேசினோம். வேண்டுமென்றே மெதுவாக நடப்பதும் உண்டு. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலைக் குற்றமாக்கும் சட்டமூலம் 2017 ஆரம்பத்திலேயே வர்த்தமானியில் வந்தது. ஜூலையில் விவாதத்துக்குக் குறிக்கப்பட்டுக் கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டது. வீதியோரக் கொட்டகைகளில் தாய்மார் அமர்ந்திருந்த காலம் அது. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, 2018 மார்ச் 7 ஆம் திகதி 53க்கு 16 என்ற வாக்குகளால் நிறைவேறியது. 225 பேர் கொண்ட சபையில் அன்று வாக்களித்தவர்கள் 69 பேர். இதோடு ஒப்பிட்டால், பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கான 2022 ஆம் ஆண்டின் திருத்தம் ஜனவரி 27 இல் வர்த்தமானியில் வந்து, பெப்ரவரி 10 இல் சமர்ப்பிக்கப்பட்டு, நீதிமன்றத்தையும் தாண்டி, மார்ச் 22 இல் நிறைவேறிவிட்டது. ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் அமர்வு நடந்துகொண்டிருந்த மாதம் அது.

காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகச் சட்டமூலம் 2016 ஓகஸ்ட் 11 ஆம் திகதி கூச்சலுக்கு நடுவே, ஒழுங்கான விவாதமின்றி நிறைவேறியது. அதை வரவேற்றவர்களும் அந்த அவசரத்தை அன்று பெரிதுபடுத்தவில்லை. மறுவருடமே அந்த அலுவலகம் பிற அமைப்புகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் அதிகாரம் இன்னொரு சிறு திருத்தச் சட்டமூலத்தால் நீக்கப்பட்டது. முதலாவதைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர், இரண்டாவதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டால் சட்டமூலங்கள் சாவதில்லை. அடுத்த கூட்டத்தொடரில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கலைக்கப்பட்டால் எல்லாம் போய்விடும். 2024 ஜனவரியில் சமர்ப்பிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்தையும் பெற்றிருந்த புதிய பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் அந்த வருடம் செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு முடிந்துபோனது. அதன் இடத்தில் வரும் எந்தச் சட்டமூலமும் வர்த்தமானியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்; பெயரும் மாறியிருக்கும், வாசக இலக்கங்களும் மாறியிருக்கும். முன்னைய தீர்மானம் புதியதைத் தானாகக் கட்டுப்படுத்தாது. பழைய மனுவில் வென்றவற்றைப் புதிய பிரதியில் வாசகம் வாசகமாகத் தேடிப் பார்த்து, இல்லாதவற்றுக்கு மீண்டும் அந்த 14 நாட்களுக்குள் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.